தையலக்கா தனக்கொரு எதிரியைத் தேர்ந்தெடுத்த வரலாறு

ஒரு கட்சியில் பல்லாண்டுகள் உழைத்தும் எந்தப் பதவிக்கும் வராதவர்களைத் தியாகி என்று அழைப்பது அரசியல் நாகரிகம். தையலக்காவை அவருடைய கட்சி மேடைக்கு மேடை அப்படித்தான் அழைத்தது. தியாகம் செய்வதாக அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு நகரமன்றத் தேர்தலுக்கும் தன் வார்டில் நிற்கச் சீட்டுக் கேட்டார். ஒவ்வொரு முறையும் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, தானாக முன்வந்து விட்டுக்கொடுத்த பெருந்தன்மைக்காக அவரைப் பாராட்டித் தீர்மானம் போட்டார்கள். அந்தத் தீர்மானங்களுக்குக் கைதட்டிக் கைதட்டியே அவருக்குப் பாராட்டு என்றாலே ஒரு சந்தேகம் வந்திருந்தது.

சந்தைக் கட்டிடத்தின் மாடியில் அவருடைய தையல் கடை. பள்ளிச் சீருடை, மருத்துவமனை ஊழியர் கோட்டு, பட்டறை ஆட்களின் மேலங்கி என்று மொத்தமாகத் தைத்துக் கொடுப்பது தொழில். துணி வெட்டுவது அக்கா. தைப்பது அவரிடம் வேலை பார்க்கும் பெண்கள். ஒரு தையல் கோணினாலும் கூசாமல் பிரித்துப் போட்டுவிடுவார். தேர்தல் வந்தால் கொடிகளும் தைப்பார், இரண்டு கட்சிக்கும். "எதிரி கொடியை நீங்களே தைக்கறீங்களேக்கா" என்று கட்சிக்காரர் ஒருவர் வருத்தப்பட்டபோது, "தப்பா தைச்சுக் கொடுத்தா என் கடைப் பேருதான் கெடும்" என்று சொல்லி அவரை மேலும் வருத்தப்பட வைத்தார்.

கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. வீட்டில் ஒருவராவது நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

அக்காவின் வாழ்நாள் சாதனை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது சந்தைக்குப் பின்னால் பழைய கிடங்கில் இருக்கிறது. சந்தையில் வேலை செய்யும் பெண்களின் குழந்தைகளுக்கான காப்பகம். அது வருவதற்கு முன்னால் அக்காவின் கடையில் துணிக் குவியலுக்குள் எந்த நேரமும் இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும். அளவு கொடுக்க வருகிறவர்கள் பார்த்து உட்கார வேண்டும். அக்கா கடை கடையாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கி நகரமன்றத்தில் கொண்டுபோய்ப் போட்டார். அவருடைய கட்சிக்கு அங்கே பெரும்பான்மை இல்லை. தீர்மானம் ஒரே ஒரு ஓட்டில் நிறைவேறியது. அந்த ஒரு ஓட்டு எதிர்க்கட்சிக்காரர் போட்டது.

அவர்தான் கண்ணாடிக்காரர். சந்தை முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை. இந்த வார்டின் உறுப்பினரும் அவரே. நாய் கடித்துவிட்டது என்று புகார் கொண்டுபோனால், நாய்க்கு அன்றைக்கு என்ன மனக்கஷ்டமோ என்று விசாரிக்கிற ரகம். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அவருடைய கட்சியிலேயே அவருக்கு ஒரு போட்டியாளர் உண்டு. சிமெண்டுக் கடை முதலாளி. ஊர் வைத்த பெயர் பீரங்கி. காப்பகத்தை மூடி அந்த இடத்தை வண்டி நிறுத்துமிடம் ஆக்குவேன், பிள்ளை பெற்றவள் வீட்டில் இருந்து வளர்க்கட்டும் என்பது அவர் மேடைக்கு மேடை முழங்கும் வாக்குறுதி. அவர் கடைக்கு வரும் லாரிகளை நிறுத்த இடமில்லை என்பது வாக்குறுதியில் சேராத தகவல்.

இப்படியிருக்கையில், தேர்தல் நெருங்கிய ஒரு காலையில், அக்காவின் கட்சித் தலைமை அனுப்பிய இளைஞர் ஒருவர் மடிக்கணினியுடன் மாடியேறி வந்தார். வாயைத் திறந்தால் வியூகம், மூடினால் வியூகம் என்பதால், ஊருக்குள் வந்த முதல் நாளே அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

"அக்கா, இந்தத் தடவை சீட்டு உங்களுக்குத்தான். தலைமை முடிவு பண்ணிடுச்சு" என்றார் வியூகம்.

அக்கா கத்தரியை நிறுத்தவில்லை. "நான் விட்டுக்கொடுத்ததுக்கு நன்றி சொல்ற தீர்மானம் எப்பன்னு சொல்லிட்டீங்கன்னா, அன்னைக்குக் கடைக்கு லீவு விட்டுடுவேன்."

"விளையாடாதீங்கக்கா. நிஜமாத்தான். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை இருக்கு."

"அதானே பார்த்தேன்."

வியூகம் மடிக்கணினியைத் துணிமேசை மேல் விரித்தார். அவருடைய கணக்கு ரொம்ப எளிமையானது. கண்ணாடிக்காரர் எதிரே நின்றால் அக்கா தோற்பார். பீரங்கி நின்றால் ஜெயிப்பார். "கண்ணாடிக்காரர் நம்ம ஓட்டுலயே கையை வைக்கறாரு. பீரங்கி அவங்க ஓட்டையே விரட்டி விடறாரு. நமக்கு யாருக்கா வேணும்?"

"அப்ப என்ன, கண்ணாடிக்காரரைப் போட்டுத் திட்டணுமா? அது என்ன பெரிய வேலை."

"ஐயோ, திட்டவே கூடாது. பாராட்டணும்."

இயந்திரங்களின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. தைக்கும் பெண்களுக்குக் காது நீண்டுவிட்டது.

எதிர்க்கட்சியில் வேட்பாளரை மேலிடம் நியமிப்பதில்லை. வார்டு உறுப்பினர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிக் கைதூக்கித் தேர்ந்தெடுப்பார்கள். அதற்கு முன்னால், காப்பகத்துக்கு ஓட்டுப் போட்ட பெருந்தகை என்று கண்ணாடிக்காரருக்கு இவர்கள் ஒரு பாராட்டுக் கூட்டம் நடத்தி, அக்காவின் கையாலேயே கேடயம் கொடுக்க வேண்டும். "அந்த ஒரு ஃபோட்டோ போதும்க்கா. எதிரிக்கு வேண்டப்பட்டவன்னு அவங்க ஆளுங்களே அவரைக் கீழ இறக்கிட்டு பீரங்கியை நிறுத்திடுவாங்க. நாம ஒரு பொய்யும் சொல்லலை, ஒரு கெட்ட வார்த்தையும் பேசலை. நாகரிகமான அரசியல்."

ஒரு மனிதரைக் கெடுப்பதற்கு அவரைப் பற்றிய உண்மையையே சொன்னால் போதும் என்ற நிலைக்கு அரசியல் வளர்ந்திருப்பதை அக்கா அன்றுதான் அறிந்தார்.

காஜா எடுக்கும் பெண் பக்கத்து வார்டுக்காரி. அவள் ஊசியைக் கீழே வைத்தாள். "சார், எங்க வார்டுலயும் போன தடவை இப்படித்தான் எதிர்க்கட்சியில கத்தறவரு நிக்கட்டும்னு பாத்தீங்களாமே? அவருதான் ஜெயிச்சாரு. படிப்பகத்தை மூடிட்டு அதுல இப்ப ஆபீஸ் வச்சிருக்காரு."

வியூகத்தின் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் குறைந்தது. "அங்க கணக்கு கொஞ்சம் பிசகிடுச்சும்மா. இங்க பிசகாது."

"பிசகினா?" என்றார் அக்கா.

"எந்த வியூகத்துலயும் ரிஸ்க் இருக்கத்தான்கா செய்யும்."

அக்கா கீழே கிடங்குப் பக்கம் பார்த்தார். அந்த 'ரிஸ்க்' எல்லாம் சேர்ந்து தட்டைத் தாளம் போடும் சத்தம் மாடிவரை கேட்டது.

ஆனாலும் அவர் உடனே மறுத்துவிடவில்லை. வரலாறு இதை மறைக்கக் கூடாது. சீட்டு என்ற சொல் காதில் விழுந்ததுமே அவருக்குள் ஏதோ எழுந்து உட்கார்ந்துகொண்டது. "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். போகும்போது வியூகத்தின் சட்டையில் தொங்கிக்கொண்டிருந்த பொத்தானை இழுத்து நிறுத்தித் தைத்தும் அனுப்பினார்.

அன்று மாலை கணவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னார்.

"நல்லதுதானே" என்றார் கணவர். "பீரங்கியைத் தோக்கடிக்கறது சுலபம்."

"அவரு ஜெயிச்சுட்டா?"

"காப்பகம் போயிடும். அங்க நம்ம வண்டியை நிறுத்திக்கலாம்."

"நம்மகிட்ட ஏதுங்க வண்டி?"

"அதான் சொல்றேன், எல்லா விதத்துலயும் நஷ்டம்." கணவர் தட்டை இழுத்து வைத்துக்கொண்டார். "நீ என்னைக் கேட்டா ஒண்ணு சொல்வேன். எங்க டிப்போவுல ஒரு டிரைவர் இருந்தாரு. தன் வண்டி முதல்ல போகணும்னு அடுத்த வண்டியோட நல்ல பிரேக்கைக் கழட்டி எடுத்துட்டு, தேஞ்சதை மாட்டிவிட்டாரு. அந்த வண்டி பின்னாடியே வந்து இவரு வண்டி மேலயே ஏறுச்சு."

"அப்ப வேண்டாம்ங்கறீங்களா?"

"நான் எங்க சொன்னேன்? எனக்குக் கட்சி கிடையாது. கொஞ்சம் தண்ணி எடு."

அக்காவுக்கு அன்றைக்கே மனதில் ஒரு முடிவு அளவெடுக்கப்பட்டுவிட்டது. வெட்டுவதுதான் பாக்கி.

மறுநாள் கண்ணாடிக்காரர் கடைக்குப் போனார். ஊசியில் நூல் கோப்பது கொஞ்ச நாளாகவே சிரமமாக இருந்தது. போனதற்குக் காரணம் கேட்டால் சொல்ல ஒன்று இருக்கிறதல்லவா. கண்ணாடிக்காரர் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கனத்த சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, எதிரே எழுத்துப் பலகைக்கு விளக்குப் போட்டார். அவருடைய மனைவி கல்லாவில் இருந்தார்.

"ஒரு கண்ணை மூடிக்கங்க. எந்த வரி வரைக்கும் தெரியுது?"

"அதை விடுங்க. எங்காளுங்க உங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாங்களா?"

"நேத்தே வந்து கூப்பிட்டாங்களே. ரொம்ப மரியாதையான பையன். இந்தக் கண்ணாடி தெளிவா இருக்கா, இதுவா?"

"ரெண்டும் ஒண்ணுதான். அந்தக் கூட்டத்துக்கு வராதீங்க. உங்க கட்சியில உங்களைக் கவுக்கறதுக்குத்தான் கூப்பிடறாங்க."

கண்ணாடிக்காரர் வில்லையைத் துடைத்தபடி யோசித்தார். "அப்படியும் இருக்கலாம். ஆனா உண்மையாவே மரியாதைக்கும் கூப்பிட்டிருக்கலாமில்லையா? ரெண்டு பக்கமும் பார்க்கணும். எதிர்க்கட்சி கூப்பிட்டு நாம போகலைன்னா நல்லா இருக்காது."

கல்லாவிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "கவுக்கப் போறாங்கன்னு அவங்க கட்சிக்கார அம்மாவே வந்து சொல்றாங்க. இவரு என்னடான்னா அதுக்குப் போட்டுக்கிட்டுப் போறதுக்குச் சட்டையைத் தேய்க்கக் கொடுத்திருக்காரு. இந்த மனுஷனுக்கு நான் வாக்கப்பட்ட நாள்ல இருந்து இதே கதைதான்."

"சரி, இதை நீங்க எதுக்கு எங்கிட்ட வந்து சொல்றீங்க?" என்று அக்காவைக் கேட்டார் கண்ணாடிக்காரர். "நான் நின்னா நீங்க தோத்துடுவீங்களே."

சோதனைச் சட்டத்துக்குள்ளிருந்து அக்காவின் கண் பெரிதாக முறைத்தது. "தோப்பேன்னு யாரு சொன்னது? அதை நான் பார்த்துக்கறேன். காப்பகத்தைப் பணயமா வச்சு ஆடச் சொல்றாங்க. அது என்னால ஆகாது. நீங்க வந்தாலும் நான் வந்தாலும் அது இருக்கும். பீரங்கி வந்தா இருக்காது. நாம ரெண்டு பேரும் அடிச்சுக்கறதுக்கு வேற விஷயமா இல்ல?"

"இருக்கே. கடை வரி இருக்கு" என்றார் கண்ணாடிக்காரர் ஆர்வமாக.

"அதை அப்புறம் வச்சுக்கலாம். கூட்டத்துக்கு வருவீங்களா, மாட்டீங்களா?"

"சொல்லிட்டேனே. சொன்ன பிறகு வராம இருந்தா மரியாதை இல்லை."

மரியாதை முற்றிப்போன மனிதரை எந்த வைத்தியமும் காப்பாற்றாது. அக்கா கண்ணாடிக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். அவர் வருவதைத் தடுக்க முடியாது. தான் போகாவிட்டால் கேடயத்தை வேறொருவர் கொடுப்பார். இனி மிச்சமிருப்பது ஒரே வழிதான் என்று சந்தை வாசலுக்கு வருவதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. நேராக வியூகத்துக்குப் போன் போட்டு, "கூட்டத்துல நானே பேசறேன்" என்றார். வியூகம் தலைமைக்கு நல்ல செய்தி அனுப்பினார்.

கூட்டம் சந்தை முற்றத்தில். கண்ணாடிக்காரர் மடிப்புக் கலையாத சட்டையில் மேடை நடுவில் உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசையில் பீரங்கி தன் ஆட்களுடன் வந்து நின்றார். எல்லோர் கையிலும் போன், எல்லாப் போனும் மேடையை நோக்கி. தன் கட்சிக்காரரின் அழிவைப் படம்பிடிக்க எதிரியின் கூட்டத்துக்கு வந்த அவரை வியூகம் கண்ணாலேயே வரவேற்றார். நாகரிக அரசியலில் இப்படிப்பட்ட நட்புகள் மலர்வது உண்டு.

அக்கா புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வியூகம் எழுதிக் கொடுத்த தாளைப் பிரித்தார். "நம் அனைவரின் அன்புக்கும் உரிய" என்பது வரை வாசித்தார். பிறகு தாளை மடித்து மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதை எழுதினவருக்கு இவரைத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால நானே சொல்றேன். இந்த நகரமன்றத்துல நம்ம கட்சிக்கு இவரை மாதிரி இடைஞ்சல் வேற யாரும் கிடையாது."

கேடயத்தைக் கையில் ஏந்தி நின்ற வியூகம் அப்படியே நின்றார்.

"சின்னக் கடைக்கு வரி குறையணும், பெரிய கடைக்கு ஏறணும்னு நாம ஒரு தீர்மானம் கொண்டு வந்தோம். பீரங்கி அண்ணன் வெளியில நின்னு நாள் முழுக்கக் கத்தினாரு. அவரு கத்தக் கத்த நமக்கு ஆள் சேர்ந்துச்சு. ஜெயிக்கப் போறோம்னு நானும் வீட்டுல சொல்லிட்டேன். இவரு என்ன பண்ணினாரு? ஒவ்வொரு உறுப்பினர் வீட்டுக்கும் போயி உட்கார்ந்து, மெதுவா, ஒரு சத்தம் இல்லாமப் பேசிப் பேசியே நம்ம தீர்மானத்தைக் குழி தோண்டிப் புதைச்சுட்டாரு. நம்மாளுங்க ரெண்டு பேரையே மாத்தி ஓட்டுப் போட வச்சாரு."

"காப்பகத்துக்கு உங்க பக்கம்தானே ஓட்டுப் போட்டாரு?" என்று பீரங்கியின் ஆள் ஒருவர் பின்னாலிருந்து கேட்டார்.

"போட்டாரு. சரின்னு பட்டுச்சு, போட்டாரு. அதுலயும் நமக்கு நஷ்டம்தான். அலைஞ்சது நான், திறக்கற அன்னைக்கு முன்னாடி வந்து நின்னு, ஆளாளுக்குக் குடும்பத்தை விசாரிச்சு, பேரை அவரு வாங்கிட்டுப் போயிட்டாரு. நம்ம மாடிப்படிக்கு ஒரு விளக்கு கேட்டேன். அதுக்கு இன்னும் ரெண்டு பக்கமும் யோசிச்சுக்கிட்டிருக்காரு. இவருக்குக் கேடயம் குடுக்கச் சொல்றாங்க. என்னால முடியாது. இவரைத் தோக்கடிக்கணும். அது லேசுப்பட்ட வேலை இல்லைன்னு தெரிஞ்சுதான் சொல்றேன்."

கண்ணாடிக்காரர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. அவர் கோபப்பட்டு அன்றுதான் ஊர் பார்த்தது.

"அக்கா மத்தது எது வேணா சொல்லட்டும். கடை வரியைப் பத்திச் சொன்னது தப்பு. அந்தத் தீர்மானத்துல தையல் கடையையும் பெரிய கடையில சேர்த்திருந்தாங்க. அவங்க கடைக்கே வரி ஏறியிருக்கும். படிச்சுப் பார்த்தாங்களா?"

"படிச்சேன். திருத்தம் கொண்டு வர்றதா இருந்தோம்."

"எங்க கொண்டு வந்தீங்க?"

"நீங்க எங்க விட்டீங்க?"

ஒரே மைக்கை இரண்டு பேரும் மாறி மாறிப் பிடுங்கிக்கொண்டு கடை வரியைப் பிரித்துப் பிரித்துப் போட்டார்கள். கூட்டத்தில் ஒருவரும் நகரவில்லை. சந்தைக் கடைக்காரர்களுக்குத் தங்கள் வரியைப் பற்றி இத்தனை விவரம் அதற்குமுன் யாரும் சொன்னதில்லை. பீரங்கியின் ஆட்கள் எடுத்த படங்களில் கேடயம் ஒன்றில்கூட இல்லை. எல்லாவற்றிலும் இரண்டு பேர் ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் விரலை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கூடினார்கள். எதிரியின் மேடையிலேயே ஏறி எதிரியை மடக்கிய மாவீரர் என்று கண்ணாடிக்காரரைப் பற்றி ஒருவர் பேசினார். கைகள் உயர்ந்தன. பீரங்கி நாற்காலியை உதைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை வியூகம் மாடியேறி வந்தார். இந்த முறை மடிக்கணினியைத் திறக்கவில்லை.

"பாராட்டச் சொன்னா திட்டிட்டு வந்துட்டீங்களேக்கா."

"கட்சியில சேர்ந்த நாள்ல இருந்து எதிராளியைத் திட்டியிருக்கேன், தம்பி. அதுக்காக என்னைக் கோவிச்சுக்கிட்ட முதல் ஆளு நீங்கதான்."

"தலைமைக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"உள்ளதைச் சொல்லுங்க. எதிர்க்கட்சிக்காரரைப் பாராட்ட மறுத்த குற்றத்துக்காக என்னை நீக்கறதா அறிக்கை விடச் சொல்லுங்க. நான் அதைச் சட்டம் போட்டுக் கடையில மாட்டிக்கறேன்."

வியூகம் அந்த அறிக்கையை மனதுக்குள் எழுதிப் பார்த்திருக்க வேண்டும். நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "சுலபமா ஜெயிச்சிருக்கலாம்க்கா. என் கணக்கு சரிதான்."

"சரியாத்தான் இருக்கும். ஜெயிச்ச பிறகு சபையில யாருகூடப் பேசறதுன்னு உங்க கணக்குல இருக்கா? நீங்க எல்லா வார்டுலயும் பேசத் தெரிஞ்சவங்களாப் பார்த்துப் பொறுக்கி வெளிய தள்ளுவீங்க. அவங்களும் நம்ம பக்கத்துல அதையே செய்வாங்க. கடைசியில உள்ள போறது பூரா பீரங்கி. ஒரு காப்பகம் வேணும்னா அந்த ஒத்த ஓட்டுக்கு நான் எங்க போறது?"

"நீங்க தோத்துட்டா?"

"தோத்தா என் வாய்தான் வலிக்கும். பிள்ளைங்க இருக்கற இடத்துலயே இருக்கும்."

வியூகத்திடம் அதற்குப் பதில் இல்லாமல் இல்லை. அரசியலில் ஜெயிக்காமல் எதுவும் செய்ய முடியாது என்று தொடங்கினார். அக்கா அதை மறுக்கவில்லை. அதனால்தான் ஜெயிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த வார்டு வரைபடத்தைக் கழற்றி அவர் முன்னால் விரித்து, எந்தத் தெருவில் எந்த நேரம் ஆள் இருப்பார்கள் என்று சொல்லத் தொடங்கினார். அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே, கொஞ்ச நேரத்தில் வியூகம் தன்னையறியாமல் மடிக்கணினியைத் திறந்துவிட்டார்.

சீட்டு அக்காவுக்கே வந்தது. கண்ணாடிக்காரரை எதிர்த்து நிற்கக் கட்சியில் வேறு யாரும் கேட்கவில்லை. விட்டுக்கொடுப்பதற்கு எதிரே ஆளில்லாததால் இம்முறை பெருந்தன்மை காட்ட அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. கணவர் பணிமனையிலிருந்து பழைய ஒலிபெருக்கி ஒன்றைப் பழுதுபார்த்துக் கொண்டுவந்து தந்தார். எனக்குக் கட்சி கிடையாது, இது வெறும் மெக்கானிக் வேலை என்று அடிக்கடி நினைவுபடுத்தினார்.

முதல் நாள் வாக்குச் சேகரிப்பு சந்தைக்குப் பின் தெருவில். மூன்றாவது வீட்டுக் கதவைத் திறந்தவர், ஓய்வுபெற்ற தபால்காரர். அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்பத்தான் கண்ணாடிக்காரர் வந்துட்டுப் போனாரு. இவ்வளவு நாளா எனக்குச் சுலபமா இருந்துச்சும்மா. யாரைப் பார்த்தா பயமா இருக்கோ அவருக்கு எதிரா குத்திட்டு வந்துடுவேன். இப்ப நீயும் பரவாயில்ல, அவரும் பரவாயில்ல. நான் எப்படி முடிவு பண்றது?"

"கஷ்டம்தான் அண்ணே" என்றார் அக்கா. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, கிடந்த நாற்காலியை இழுத்து அவருக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்தார். "கடை வரியில ஆரம்பிக்கலாமா? அவரு என்ன சொன்னாருன்னு முதல்ல சொல்லுங்க."